கட்டை அசையும் வரை நில்லுங்கள்: வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து வரும் உறவினர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போகும் வழியில் முதலைப் பண்ணையில் இறங்குவது எங்கள் வீட்டு வழக்கம். முதல் தொட்டியின் சுவரருகே நின்றதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இதெல்லாம் உயிரோடுதான் இருக்கிறதா, பொம்மையா?” அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு தொட்டி தாண்டிவிடுவார்கள். அரை மணியில் வெளியே வந்து, “கட்டை மாதிரி கிடக்கிறது, இதற்கா டிக்கெட்?” என்பார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. பார்த்த விதத்தில்தான் தப்பு. மிருகக்காட்சி சாலை போலக் கூண்டு கூண்டாக நடந்து தீர்க்கிற இடம் அல்ல இது. ஒரே தொட்டியின் முன் அரை மணி நிற்கத் தெரிந்தவருக்குத்தான் இது தன்னைக் காட்டும். அப்படி நிற்பதற்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம்

பஸ் கண்டக்டருக்கும் ஊர்க்காரர்களுக்கும் இது முதலைப் பண்ணை. தோலுக்காகவோ கறிக்காகவோ இங்கே எதையும் வளர்ப்பதில்லை என்பதால் ‘பண்ணை’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். ‘மெட்ராஸ் க்ரொகடைல் பேங்க்’ என்ற ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘வங்கி’. 1976-ல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர், ஸாய் விட்டேகர் முதலானோர் இதைத் தொடங்கியபோது, தோல் வேட்டையாலும் ஆறுகளில் அணைகள் வந்ததாலும் நாட்டில் முதலைகள் அருகிப்போயிருந்தன. இருக்கிறவற்றைப் பாதுகாப்பாகப் போட்டுவைத்து, பெருக்கி, ஆறுகளுக்கும் ஏரிகளுக்கும் திருப்பித் தருவது என்பதுதான் திட்டம். வங்கிக்கு முதல் வேண்டும். இங்கே முதலே முதலைதான்.

இங்கே பெருகிய முதலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை பல மாநில வனத்துறைகளுக்குப் போயின. பிறகு அந்தத் துறைகளே ‘எங்களிடம் விட இடமில்லை’ என்று சொல்லும் நிலை வந்தது. வைப்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்கவும் முடியாது. உள்ளே போனதும் சதுப்பு முதலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாற்போலக் கிடப்பதைப் பார்த்து, ‘இவ்வளவு நெருக்கமா?’ என்று யாராவது முகம் சுளித்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். 2022-ல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு மையத்துக்கு மாற்ற ஏற்பாடானது செய்தித்தாள்களில் வந்தது. இப்போது முட்டைகளைக் குஞ்சு பொரிக்க விடாமல் பார்த்துக்கொள்வதே இங்கே ஒரு வேலை.

எந்த நாள், எந்த நேரம்

திங்கட்கிழமை வார விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதில்தான். மற்ற நாட்களில் காலை ஒன்பது மணி வாக்கில் திறந்து மாலை ஐந்து, ஐந்தரைக்கு மூடுவார்கள். பண்டிகைக் காலத்தில் இது மாறலாம். முந்தின நாள் அவர்களின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். கட்டணத்தையும் அங்கேயே பாருங்கள். நான் எழுதிவைத்தால் நீங்கள் படிப்பதற்குள் மாறியிருக்கும்.

மாதம் என்று கேட்டால் டிசம்பர் முதல் மார்ச் வரை. வெயில் தாங்கும் என்பது ஒரு காரணம். முதலைகளுக்கு அது இணை சேர்ந்து முட்டையிடும் பருவம் என்பது அதைவிடப் பெரிய காரணம். மற்ற மாதங்களில் கட்டையாகக் கிடப்பவை அப்போது ஒன்றையொன்று துரத்தும், தண்ணீரில் தாடையை அறையும், சுவருக்கு இந்தப் பக்கம் நம் நெஞ்சுக்குள் கேட்கிற மாதிரி உறுமும்.

நேரம் என்றால் திறந்தவுடன். குளிர்ந்த காலையில் முதலைகள் கரையேறி வெயில் காயும். உச்சி வெயிலில் தண்ணீருக்குள் போய்விடும். மூக்குத் துளையும் கண்ணும்தான் மேலே தெரியும். மே மாதத்தில் மதியம் ஒரு மணிக்குக் குழந்தைகளோடு வந்து, வெந்நீர்த் தொட்டி மாதிரி இருக்கிற குளங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் பாவமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் முன்னிலையில் இரை போடுவது உண்டு. குழந்தைகளுக்கு அது பிடிக்கும். என் விருப்பத்தைக் கேட்டால், கூட்டம் இல்லாத புதன், வியாழன்தான்.

போகிற வழி

சென்னை நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.), மாமல்லபுரத்துக்குச் சுமார் 15 கிலோமீட்டர் முன்னால். சென்னையிலிருந்து போகும்போது இடப்பக்கம், கடலை ஒட்டி இருக்கிறது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மாமல்லபுரம்’ என்று பலகை பார்த்தவுடன் ஏறிவிடாதீர்கள். சில பஸ்கள் பழைய மாமல்லபுரம் சாலையில் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போகும். நான் ஒருமுறை அப்படி ஏறி, கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே போய், திருப்போரூரில்தான் விழித்தேன். ‘ஈ.சி.ஆர். வழியா? முதலைப் பண்ணையில் நிற்குமா?’ என்று இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். புதுச்சேரி விரைவு பஸ்களில் பல நிற்காது. திருவான்மியூரில் ஏறுவது வசதி. முட்டுக்காடு பாலம், கோவளம், திருவிடந்தை என்று வரிசையாக வரும். திருவிடந்தை தாண்டியதும் படிக்கட்டுப் பக்கம் வந்துவிடுங்கள்.

பையில் என்ன

தண்ணீர், தொப்பி, நடக்கத் தோதான செருப்பு. கடற்கரை மணல்தான் தரை முழுக்க. பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் கிடக்கிற முதலைக்கு எதற்கு என்று தோன்றும்; கண்ணின் கருவிழி பூனைக்குப்போல நெட்டுக்கோடாகச் சுருங்குவதை அதில் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். நொறுக்குத் தீனிப் பொட்டலங்கள் வேண்டாம். காற்றில் பறந்து தொட்டிக்குள் விழுந்தால் எடுக்க ஒருவர் முதலைகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருக்கும்.

சதுப்பு முதலைத் தொட்டி: நிற்க வேண்டிய இடம் இதுதான்

நுழைந்தவுடன் அதிகம் கண்ணில் படுவது சதுப்பு முதலை. அமராவதி, சாத்தனூர் அணைப் பக்கம் இருப்பதும் இதே இனம்தான். எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே எல்லோரும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன்: உங்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் அதில் அரை மணியை இங்கேயே செலவழியுங்கள். நிழல் விழுகிற ஒரு சுவரோரமாகப் பார்த்து நில்லுங்கள். ஒரு முதலையைத் தேர்ந்தெடுங்கள். அதை மட்டும் பாருங்கள்.

முதலில் வாய். ஆவென்று திறந்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். இரை பிடிக்க அல்ல. உடல் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. வாய் மூடியிருக்கும் முதலை கிடைத்தால் பல்லைப் பாருங்கள். கீழ்த்தாடையின் நான்காவது பல் மேல்தாடைப் பள்ளத்தில் உட்கார்ந்து, வாய் மூடிய பிறகும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அமெரிக்காவின் அலிகேட்டரில் அந்தப் பல் உள்ளே மறைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு பல் போதும்.

அடுத்து மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே குச்சி ஏதாவது இருக்கிறதா?

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இங்குள்ள தொட்டிகளை ஒட்டிய மரங்களில் கொக்குகள் கூடு கட்டும். கூடு கட்டச் சுள்ளி வேண்டும். கொக்குகளுக்குள் அதற்கு அடிதடியே நடக்கும். 2007-ல் இங்கே வந்த விளாதிமிர் தீனெத்ஸ் என்ற ஆய்வாளர், கூட்டு மரங்களுக்குக் கீழே ஆழமில்லாத தண்ணீரில் சில முதலைகள் மூக்கின் குறுக்கே சுள்ளியைத் தாங்கியபடி அசையாமல் கிடப்பதைக் கவனித்தார். சுள்ளி எடுக்கக் கொக்கு கிட்டே வந்தால் பாய்ச்சல். பிறகு அமெரிக்காவில் அலிகேட்டர்களிடமும் இதையே கவனித்து, முதலை இனம் இரை பிடிக்கக் கருவியைப் பயன்படுத்துகிறது என்று 2013-ல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் கட்டுரை வெளியிட்டார்கள். வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறதா, தற்செயலாக ஒட்டிக்கொண்ட குச்சியா என்று இன்னும் வாதம் நடக்கிறது. கொக்குகள் கூடு கட்டுகிற மாதமாக இருந்தால் நீங்களே நின்று பார்த்து ஒரு கட்சி சேர்ந்துகொள்ளலாம். போன முறை மூக்கில் வேப்பங்குச்சியோடு கிடந்த ஒன்றை நாற்பது நிமிடம் பார்த்தேன். கொக்கு வரவில்லை. முதலையும் அசையவில்லை. என் கூட வந்த சித்தப்பா பொறுமை இழந்து டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோதும் குச்சி அதே இடத்தில்தான் இருந்தது.

சுவரோர மணலில் குழி தோண்டிய தடம் தெரிந்தால் அது கூடு. முதலைக்கு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை கிடக்கும் மணலின் சூடு. சதுப்பு முதலைக்கு 31 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் பெண், 32.5-ஐ ஒட்டி இருந்தால் பெரும்பாலும் ஆண். ஒன்றரைப் பாகையில் ஒரு தலைமுறையே மாறிவிடும். சதுப்பு முதலையில் இந்தக் கணக்கைத் துல்லியமாகப் பிடித்த ஆய்வு 1980-களில் இங்கே நடந்ததுதான். ஒரே பருவத்தில் ஒரு பெண் முதலை இரண்டு முறை முட்டையிடும் என்பதும் இந்தத் தொட்டிகளில் கண்டறிந்ததே. நீங்கள் சாய்ந்து நிற்கிற சுவரில் சாய்ந்துகொண்டு யாரோ நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தது அது.

கரியால்

நீளக் குச்சி மூக்கு. பார்த்தவுடன் தெரிந்துவிடும். கங்கை, சம்பல் போன்ற வடநாட்டு ஆறுகளுக்கு உரியது; மீன்தான் உணவு. ஆண் வளர்ந்ததும் மூக்கு நுனியில் சொம்பு கவிழ்த்தாற்போல ஒரு புடைப்பு வரும். இந்தியில் ‘கடா’ என்றால் பானை. கரியால் என்ற பெயர் அதிலிருந்து வந்தது.

இது மிகவும் அருகிவிட்ட இனம். 2007-08 குளிர்காலத்தில் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியால்கள் செத்து ஒதுங்கின. அதற்குப் பிறகு இந்த மையத்தைச் சேர்ந்தவர்கள் சம்பலிலேயே தங்கி, கரியால்களின் வாலில் சிறு வானொலிக் கருவி பொருத்தி அவை எங்கே போகின்றன என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து வருகிறார்கள். வடநெம்மேலியில் நீங்கள் வாங்கும் டிக்கெட் இதுபோன்ற வேலைகளுக்கும் போகிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கால் கதவை மூடியபோது, கோடை விடுமுறை வருமானம் அடிபட்டு, முதலைகளுக்குத் தீனி போடவே பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டிய நிலை வந்தது.

உவர்நீர் முதலை

உலகிலேயே பெரிய முதலை இனம். ஆண் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைப் பொறுக்காது. ஆகவே பெரிய ஆணுக்குத் தனித் தொட்டி. இங்கே பெயர்பெற்றது ‘ஜாஸ் 3’ என்று அழைக்கப்படுகிற, 16 அடிக்கும் மேல் நீளமுள்ள ஆண். பெரும்பாலும் தண்ணீருக்குள்தான் இருக்கும். தலை மட்டும் தெரிந்தாலும், அந்தத் தலைக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு இருக்கும் என்று கணக்குப் போட்டால் சுவரிலிருந்து கை தானாக விலகும். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்று சொல்லிவைத்தவர் இதையும் பார்த்திருப்பாரோ என்னவோ. படம் நன்றாக வராது. வேலி நிழல் விழும்.

பாம்பு விஷம் எடுப்பது

வளாகத்துக்குள்ளேயே, ஆனால் தனி நிர்வாகத்தில் இருப்பது இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். இதற்குத் தனி டிக்கெட். ‘பாம்பு ஷோ’ என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

முன்பு இருளர்களில் பலர் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தார்கள். 1972 சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் வந்ததும் பிழைப்பு போயிற்று. அதே கைத்திறனைப் பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுக்கப் பயன்படுத்துவதற்காக 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. நாட்டில் பாம்புக்கடிக்குப் போடுகிற ஊசிமருந்து தயாரிப்பதற்கான விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இங்கிருந்துதான் போகிறது.

உள்ளே தாழ்வான ஒரு களம். சுற்றிலும் நாம் உட்கார இடம். மண்பானைகள் வரிசையாக இருக்கும், வாயில் துணி கட்டி. ஒவ்வொன்றிலும் பாம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குதான் எடுப்பார்கள். நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாராவது இந்த நான்கின் விஷத்துக்கு எதிராகத்தான். தலையைப் பிடித்து, மேலே சவ்வு கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பல்லைப் பதிய வைப்பார்கள். சவ்வைத் துளைத்து உள்ளே இறங்குவது சில சொட்டு மஞ்சள் நீர், அவ்வளவுதான். அதற்கா இவ்வளவு பயம் என்று தோன்றும். அதை உறைய வைத்து ஈரம் போக்கித் தூளாக்கி மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறார்கள். ஒரு பாம்பை ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை எடுத்துவிட்டு, வயிற்றுச் செதிலில் ஒரு சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் அடையாளம் பார்த்து விட்டுவிட வேண்டும்.

எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். அனுமதி தாமதமானாலோ பருவம் ஒத்துவராவிட்டாலோ பானைகள் காலியாக இருக்கும். நுழைவாயிலில் டிக்கெட் எடுக்கும்போதே ‘இன்று விஷம் எடுக்கிறார்களா?’ என்று கேட்டுவிடுங்கள். களத்தில் நிற்பவரிடம் தமிழில் கேள்வி கேளுங்கள். எழுதிவைத்த பலகையைவிட நூறு மடங்கு சொல்வார். இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆமை, உடும்பு, மலைப்பாம்புப் பகுதிகளும் உண்டு. நேரம் மிஞ்சினால் பாருங்கள்.

செய்யக் கூடாதது

ஒன்றே ஒன்றுதான்: எதையும் போடாதீர்கள். கல், காசு, பாட்டில் மூடி, கடலைப் பொட்டலம் எதுவும். அசைகிறதா என்று பார்க்கக் கல்லெறிகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகள் அல்ல, பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாக்கள். பிளாஸ்டிக்கை விழுங்கிய முதலைக்கு அது வயிற்றிலேயே தங்கிவிடும். சுவர்மேல் குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

இரவில் ஒருமுறை

வார இறுதிகளில் முன்பதிவின் பேரில் இரவு நேரச் சுற்று நடத்துவார்கள். நடக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பகலில் பார்த்த அதே சதுப்பு முதலைத் தொட்டிதான். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றி உயரத்தில் பிடித்து மெல்லத் திருப்பச் சொல்வார்கள். அப்படிப் பிடித்தால்தான் முதலையின் விழித்திரையில் பட்ட வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஒரு தணல். பக்கத்தில் இன்னொன்று. டார்ச்சை இன்னும் கொஞ்சம் திருப்பினால் அடுப்பைக் கிளறிவிட்டாற்போலத் தொட்டி முழுக்கச் செந்தணல். பகலில் எண்ணிய முப்பது முதலை இரவில் நூறாகும். பகலில் பொம்மையா என்று கேட்ட என் அத்தை மகன் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடி வரத் தோன்றினால்

ஒரு விலங்கின் ஓராண்டுச் செலவை ஏற்றுக்கொள்ளும் தத்தெடுப்புத் திட்டம் உண்டு. உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்குத் தன்னார்வலராகச் சேரும் வாய்ப்பும் உண்டு. தொட்டி கழுவுவதில்தான் தொடங்கும் என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

திரும்பும்போது சென்னை பஸ் எதிர்ப்பக்கம் வரும். அந்தச் சாலையில் கார்கள் பறக்கும். குழந்தைகளைக் கையில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து நில்லுங்கள். பஸ் உடனே வராது. முதலை முன் நின்று பழகியவர்களுக்கு அது பெரிய காத்திருப்பாகத் தெரியாது.